மூன்று பேர் கேட்டுப் பார்த்த குரல்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே சண்டை. சண்டை என்றால் நான் கத்தினேன், இவர் தோசை சாப்பிட்டார்.

விஷயம் ‘செவிவழி’தான். கண் தெரியாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் திரையில் இருப்பதை வாய்விட்டு வாசித்துச் சொல்லும் மென்பொருள் அது. இலவசம். யார் வேண்டுமானாலும் அதன் நிரலைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். சின்ன வயசிலேயே கண் போன இவர் ஆரம்பித்தது. நிரல் எழுதுவது பெரும்பாலும் நான். அது ஒரு சொல்லைத் தப்பாக வாசித்தாலோ, ஒரு பட்டனைச் சொல்லாமல் தாண்டிப் போனாலோ, பயன்படுத்துகிறவர்கள் எங்கள் வலைத்தளத்தில் எழுதிப் போடுவார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் புகார். ஒவ்வொரு புகாரையும் இவரே கேட்டு, தன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, போதாக்குறைக்கு எழுதியவருக்கு போன் போட்டு, “தம்பி, என்ன பண்றப்போ இப்படி ஆச்சு?” என்று விசாரித்துத்தான் அடுத்ததற்குப் போவார். காலேஜில் ஆங்கிலம் நடத்துகிற மனுஷனுக்கு இதற்கெல்லாம் ஏது நேரம்? புகார்கள் குவிந்து கிடக்கின்றன.

“வெளியில நாலு பேரைச் சேர்த்துக்கலாங்க. அவங்க பார்த்துத் தரம் பிரிச்சுக் குடுக்கட்டும். நிஜமான பிழையை மட்டும் நாம கவனிப்போம்” என்றேன்.

“நம்ம அடுப்படிக்கு ஊரானைக் கூட்டிட்டு வரச் சொல்றியா?”

“அடுப்படியில நான் ஒருத்தி வெந்துட்டு இருக்கேன்ல, அதுக்குத்தான் சொல்றேன்.”

இன்னொரு தோசை கேட்டார். ஊற்றமாட்டேன் என்று சொல்ல நினைத்து, ஊற்றினேன்.

ஜூன் 8, ஞாயிறு

அதிசயம். துணி மடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “சரி பவளம். வெளியாளுங்களைச் சேர்த்துக்கலாம்” என்கிறார்.

என்ன திடீர் ஞானம் என்று கேட்டால், “நீ சொன்னதை யோசிச்சுப் பார்த்தேன்” என்கிறார். கல்யாணமான நாளாக நான் சொன்ன எதையும் இவர் யோசித்துப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

ஒரு விதி வேறு போட்டார். ஒரு புகாரை மூன்று பேர் தனித்தனியாகத் தங்கள் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரே ஒருவர் ‘எனக்கும் வருகிறது’ என்றாலும் அது பிழை, திருத்த வேண்டும். மூன்று பேருக்கும் வரவில்லை என்றால் மூடிவிட வேண்டும். மூடும்போது மனசு நோகாமல் காரணம் எழுத வேண்டும்.

“யாரு போட்ட புகாரா இருந்தாலும்” என்றார். சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டே மறுபடியும், “யாரா இருந்தாலும்” என்றார். வாத்தியார் புத்தி.

ஜூன் 16, திங்கள்

இரண்டு பேர் உருப்படியாகக் கிடைத்திருக்கிறார்கள். ரெக்ஸ்லின், தூத்துக்குடியில் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை. அவளுக்கும் பார்வை கிடையாது. இன்னொருத்தி இளம்பிறை, மலேசியாவில் ஈப்போ, கல்லூரி மாணவி. பார்வை உள்ள பெண். ஆர்வம் தாங்கவில்லை அவளுக்கு. மூன்றாவது ஆள் இப்போதைக்கு நான்.

ரெக்ஸ்லின் போன் போட்டாள். நான் ஹலோ சொன்னதும், “யக்கா, என் கம்ப்யூட்டரே போனை எடுத்துப் பேசுத மாதிரி இருக்கு” என்றாள்.

செவிவழியின் குரல் என்னுடையது. கல்யாணமான புதிதில், வாடகை வீட்டில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஜமுக்காளத்தைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் வாக்கியங்கள் படித்தேன். வேர்த்துக் கொட்டும். இவர் வெளியே நின்று, “‘ச’ சரியா விழலை, மறுபடி சொல்லு” என்பார். சில வாக்கியங்களில் என் எரிச்சல் அப்படியே பதிவாகியிருக்கிறது. இவருக்கு அவைதான் பிடிக்கும். பேப்பர், மெயில், பரீட்சைத்தாள் எல்லாம் இவருக்கு என் குரலில்தான். நான் சமையலறையில் ஒரு வேகத்தில் பேசிக்கொண்டிருப்பேன், ஹாலில் மூன்று மடங்கு வேகத்தில் நானே இன்னொரு பக்கம் பேசிக்கொண்டிருப்பேன்.

சாயங்காலம் இளம்பிறை இருக்கிறதிலேயே பழைய புகாரைத் தோண்டி எடுத்தாள். திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் எழுதியது. அவர் தங்கைக்குப் பார்வையும் இல்லை, காதும் கேட்காது. பிரெய்ல் கருவி ஒன்று இருக்கிறது, கம்ப்யூட்டரில் செருகினால் திரையில் உள்ள வரி விரலுக்கடியில் புள்ளிகளாக எழும். செவிவழி அதில் தமிழ் தருமா என்று கேட்டிருந்தார். வருஷக்கணக்காக அப்படியே கிடக்கிறது.

“மூடிடும்மா” என்றார் இவர் போனில். “செவிவழின்னு பேரை வெச்சுட்டு விரலுக்கு எங்கம்மா வேலை செய்யறது?”

இளம்பிறை மூடிவிட்டாள்.

ஜூன் 29, ஞாயிறு

பால் குக்கர் அடிப்பிடித்துக் கருகிப்போனது. நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், அங்கே வரைக்கும் விசில் கேட்கிறது. இவர் அடுப்படி வாசலிலேயே லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறார். வேலையில் இறங்கிவிட்டால் இந்த மனுஷனுக்கு உலகமே தெரியாது.

ஜூலை 6, ஞாயிறு

இவரே ஒரு புகார் போட்டிருக்கிறார். சொந்தப் பெயரில், சிவநேசன் என்று. புதிய பதிப்பு வந்ததிலிருந்து குரல் மங்கிவிட்டதாம். ‘ச’, ‘ஸ’ எல்லாம் விழுங்கிவிடுகிறதாம். ‘சில’ என்றால் ‘இல’ என்று கேட்கிறதாம்.

புதிய பதிப்பில் குரலை நான் தொடவே இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பக்கத்து அறையில் இருக்கிற பெண்டாட்டியை விட்டுவிட்டு ஊருக்கே எழுதிப் போடுவானேன்?

“எல்லாருக்கும் ஒரே வழிதானே பவளம். மூணு பேர் பார்க்கட்டும்” என்றார்.

ஜூலை 15, செவ்வாய்

இளம்பிறை ‘எனக்கு வரவில்லை’ என்று எழுதிவிட்டாள். அப்புறம் பதறிப்போய் எனக்குத் தனியாகச் செய்தி: “அக்கா, சார் கோபிப்பாரா?” ரெக்ஸ்லினும் ‘எனக்கு வரவில்லை. ஹெட்போன் மாற்றியும் பார்த்தேன்’ என்று எழுதினாள். மிச்சம் நான்.

கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். ‘சில’ என்றது. ‘சாதம்’ என்றது. ‘சிவநேசன்’ என்றது.

‘எனக்கும் வருகிறது’ என்று எழுதிவிட்டேன். உற்றுக் கேட்டால் கொஞ்சம் மங்கினாற்போலத்தான் இருக்கிறது. சாப்பிடும்போது இவரிடமும் சொன்னேன்.

“எனக்கும் அப்படித்தாங்க கேக்குது.”

“அப்படியா?” என்றார்.

“ஆமா.”

ரசம் ஊற்றின சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அப்புறம், “சரி, நீ இருக்கியே, போதும்” என்றார்.

ஜூலை 21, திங்கள்

புது ஹெட்போன் வாங்கிவந்தார். அதுவும் சரியில்லையாம்.

ஆகஸ்ட் 2, சனி

சரிசெய்துவிட்டேன். கூர்மையான ஓசைகளை மட்டும் தூக்கிவைத்தேன். இவரை உட்காரவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனேன். ஒரு கட்டத்தில் முகம் மலர்ந்துவிட்டது. “இப்ப இருக்கே. இப்ப நீ இருக்கே” என்றார். எத்தனையோ நாளுக்கப்புறம் அந்தச் சிரிப்பு.

அந்தச் சந்தோஷத்தில் தில்லை நகர் போய் பஜ்ஜி சாப்பிட்டோம். திரும்பி வந்து, அதே மாற்றத்தை எல்லாருக்குமான பதிப்பிலேயே வெளியிட்டேன். பிழை என்றால் பிழைதானே. எல்லாருக்கும்தானே திருத்த வேண்டும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

புகார் மழை. குரல் காதைக் கிழிக்கிறதாம். ஒருவர் தலைவலி என்கிறார். ஒரு அம்மாள், ‘பவளம் மேடத்துக்கு என்ன கோபம்?’ என்று எழுதியிருக்கிறார்.

ரெக்ஸ்லின் போன் செய்தாள்.

“யக்கா, என்னத்த மாத்துனீங்க? காதுல ஊசி குத்துத மாதிரி இருக்கு. இங்க பேங்குல பாதி நாள் ஹெட்போனைக் கழத்தி வச்சிட்டேன்.”

“அண்ணன் போட்ட புகாரு ரெக்ஸ்லின். அதைத்தான் சரி பண்ணேன்.”

“எனக்கு வரலைன்னுதானக்கா எழுதுனேன். இளம்பிறைக்கும் வரல. உங்களுக்கு நெசமாவே வந்துச்சா?”

“வந்துச்சு.”

“அண்ணனுக்கு இப்ப நல்லா கேக்குதாக்கா?”

“நல்லா கேக்குதுன்னாரு.”

“எங்க எல்லாத்துக்கும் குத்துது. அண்ணனுக்கு மட்டும் நல்லா கேக்குதுன்னா, யக்கா, அது…”

அடுப்பில் குக்கர் வைத்திருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அடுப்பில் ஒன்றும் இல்லை.

குரலைப் பழையபடி மாற்றி வெளியிட்டேன். இவர் லேப்டாப்பில் மட்டும் உயர்த்தியதை அப்படியே விட்டுவைத்தேன். இவரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ரெக்ஸ்லின் புகாரை மூடிவிட்டாள். வங்கியில் கூட வேலை பார்க்கும் ஒருவரைப் பிடித்து உட்காரவைத்து மூன்றாவது ஆளாகக் கேட்கச் சொல்லியிருக்கிறாள். கணக்கில் என்னைச் சேர்க்கவே இல்லை. அவள் எழுதியது இது:

‘வணக்கம் சிவநேசன் அண்ணா. வெளியாட்கள் மூன்று பேர் கேட்டுப் பார்த்தோம். குரல் முன்பு இருந்தபடியே தெளிவாக இருக்கிறது. அதனால் இதை மூடுகிறேன். நீங்கள் சொன்னது பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை. உங்களுக்கு அப்படித்தான் கேட்கிறது என்று நான் நம்புகிறேன். தயவுசெய்து ஒரு காது டாக்டரைப் பாருங்கள். பிழை குரலில் இருந்திருந்தால் நான்தான் முதலில் சந்தோஷப்பட்டிருப்பேன்.’

இவர் அதைக் கேட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். என் குரலே இவருக்கு அதை வாசித்துச் சொன்னது. இந்தத் தடவை வேகத்தைக் குறைத்து வைத்துக் கேட்டார். முடிந்ததும் மறுபடி ஒரு தடவை.

“நல்லா எழுதியிருக்கு அந்தப் பொண்ணு. நோகாம எழுதியிருக்கு” என்றார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. யார் கேட்டார்கள் இவளை? பொட்டென்று எல்லார் முன்னாலும் போட்டு உடைக்க இவள் யார்? அவள் அனுமதியைப் பறித்துவிட்டேன். இனி அவள் ஒரு புகாரையும் தொட முடியாது. என் வீடு, என் அடுப்படி.

செப்டம்பர் 1, திங்கள்

“ரெக்ஸ்லினை ஏன் எடுத்தே?”

“ஓவரா போறா.”

“விதி நான் போட்டது பவளம். அவ விதிப்படி செஞ்சா. நீதான் செய்யலை.”

அவரே அவளுக்கு அனுமதியைத் திருப்பிக் கொடுத்தார். போனும் போட்டுப் பேசினார். இவருடைய பக்கம் மட்டும் எனக்குக் கேட்டது. “அழாதம்மா. நீ அழுவுறதுக்கு என்ன இருக்கு?” என்றார்.

விதியைப் பற்றிப் பேசினோம். ரெக்ஸ்லினைப் பற்றிப் பேசினோம். டாக்டர் என்ற வார்த்தையை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

செப்டம்பர் 10, புதன்

உறையூர் கடைவீதியில் நான் பூ வாங்கிக்கொண்டிருந்தேன். இவர் ஓரமாகக் கோலோடு நின்றவர், ரோட்டில் இறங்கிவிட்டார். பஸ். இளநீர்க்காரர் பாய்ந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். பித்தான் தெறித்து விழுந்தது.

“ஹாரன் அடிச்சா என்ன இவனுக்கு?” என்றார் இவர், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டே.

அடித்தான். வீதியே திரும்பிப் பார்க்கிற மாதிரி கிறீச்சென்று அடித்துக்கொண்டேதான் வந்தான்.

“ஆமாங்க, அடிக்கவே இல்லை” என்றேன். இளநீர்க்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

செப்டம்பர் 13, சனி

இவர் காலேஜ் போனபிறகு, மனசு நிலைகொள்ளாமல், புகார்களை வரிசையாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியாட்கள் வந்தபிறகு, எனக்கென்று அனுப்புவதைத் தவிர பட்டியல் பக்கம் நான் அதிகம் போவதில்லை.

மேலே முதலாவதாக நிற்கிறது திண்டுக்கல்காரரின் புகார். பிரெய்ல் கருவி. மூடியது திறந்திருக்கிறது. அவசரம் என்று குறி. பொறுப்பு: சிவநேசன். இளம்பிறை எழுதிக் கொடுத்த நிரல் கீழே நீளமாக ஓடுகிறது, இவருடைய திருத்தங்கள் இடையிடையே. எனக்குத் தெரியாமல் இரண்டு பேரும் முக்கால்வாசி முடித்துவிட்டார்கள்.

மறுபடி திறந்த தேதியைப் பார்த்தேன். ஜூலை 16. நான் ‘எனக்கும் வருகிறது’ என்று எழுதிய மறுநாள்.

சாயங்காலம் காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவரே ஆரம்பித்தார். நான் நாற்காலியை இழுக்கிற விதத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். இன்னும் அந்த அளவுக்குக் கேட்கிறது.

“திண்டுக்கல் புகாரைப் பார்த்துட்டியா?”

“எப்பேர்ந்து தெரியும் உங்களுக்கு?”

“மே மாசமே சந்தேகம். அட்டெண்டன்ஸ் எடுக்கறப்போ பொண்ணுங்க குரல் எது எதுன்னு பிடிபடலை. பசங்க குரல் தெரியுது. பொண்ணுங்க குரல்தான் முதல்ல போகுது.” காபியை ஒரு வாய் குடித்தார். “உன் குரலும்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“உன்கிட்ட கேட்டா நீ என்ன சொல்லுவே? நல்லாத்தான் இருக்கு, உங்களுக்கு ஒண்ணுமில்லைன்னுவே. வெளியாளுக்கு என்மேல பாசம் கிடையாது. அதான் வெளியாள் வரட்டும்னேன். புகார் போட்டேன். உலகத்துல யாராவது ஒருத்தர் எனக்கும் அப்படித்தான் கேக்குதுன்னு சொல்லிட மாட்டாங்களான்னு தினமும் பார்த்தேன்.”

“நான் சொன்னேனே” என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

“ஆமா. நீதான் சொன்னே. பொய் சொல்றப்போ உன் குரல் கொஞ்சம் கீழ இறங்கும் பவளம். கீழ இறங்கினா எனக்கு நல்லாக் கேக்குது. அன்னைக்கு உறுதியாயிடுச்சு.”

காபி ஆறிப்போனது. நான்தான் அவருக்குச் சொல்லியிருக்கிறேன். இத்தனை நாள் எதைச் சொல்லாமல் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேனோ, அதை ரெக்ஸ்லினுக்கு முன்னாலேயே, ரசம் ஊற்றிக்கொண்டே, நானே சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 27, சனி

காது டாக்டர். கண்ணாடி அறைக்குள் இவரை உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார்கள். ஓசை கேட்டால் கையைத் தூக்க வேண்டும். வெளியே மேஜையில், ஒவ்வொரு ஓசைக்கும் ஒரு சின்ன விளக்கு எரிகிறது. முதலில் விளக்கும் கையும் சேர்ந்தே வந்தன. அப்புறம் விளக்கு எரிந்தது, கை மடியிலேயே இருந்தது. மறுபடி எரிந்தது. இந்தப் பக்கம் நின்று என் கையைத் தூக்கினேன். எதற்கென்று தெரியவில்லை. டெக்னீஷியன் பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

சின்ன வயசில் கண்ணை வாங்கிய அதே நரம்புக் கோளாறு. மெஷின் வைத்தால் கொஞ்ச வருஷம் ஓட்டலாம். நரம்பே போய்க்கொண்டிருப்பதால் ஆபரேஷனுக்கும் பெரிய பலன் இருக்காது என்றார் டாக்டர். இவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “முழுக்கப் போயிடுமா சார்?”

டாக்டர் ஆமாம் என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்ல வேண்டியிருந்தது.

அக்டோபர் 5, ஞாயிறு

ரெக்ஸ்லினுக்கு போன் செய்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள், “யக்கா, சாப்பிட்டீங்களா?” என்றாள். இரண்டு பேரும் அழுதுவிட்டு, இட்லி மாவு விலையைப் பற்றிப் பேசினோம்.

அக்டோபர் 18, சனி

“பேசிக்கிட்டே இரு” என்கிறார். என்ன பேசுவது? வாய் ஓயாத எனக்கு, பேசு என்றால் ஒன்றும் வரவில்லை. கடைசியில் பழைய புகார்களை எடுத்து வாசித்துக் காட்டினேன், நிதானமாக, அவர் காதோரமாக. சிரித்தார். “‘ச’ சரியா விழலை, மறுபடி சொல்லு” என்றார். மறுபடி சொன்னேன்.

நவம்பர் 16, ஞாயிறு

திண்டுக்கல்காரர் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அருள்மேரி. இவர் போன மாதமே அவருக்கு போன் போட்டு, புகாரை அப்படிப் போட்டு வைத்ததற்கும் மூடியதற்கும் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். யாரோ கொடுத்த கருவி, தமிழ் வராததால் அவர்கள் வீட்டு அலமாரியில் கிடந்ததாம். துடைத்துக் கொண்டுவந்திருந்தார்கள்.

செருகினோம். இன்றைய பேப்பரைத் திறந்தேன். அருள்மேரி விரலை வைத்தாள். வரி நகர்ந்தது. நின்று, திரும்ப வந்து, மறுபடி போனாள். அப்புறம் அண்ணன் உள்ளங்கையில் ஏதோ எழுதினாள்.

“மழைன்னு போட்டிருக்காம்” என்றார் அவர். “நான் சொல்லாம இவளாப் படிச்ச முதல் சேதி.” அருள்மேரி பெரிதாகச் சத்தம் போட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இவருக்குக் கேட்டது. இவரும் சிரித்தார்.

கருவியை ஒரு வாரம் இவரிடமே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் போனதும் இவர் அதன் முன்னால் உட்கார்ந்தார். நான் லேப்டாப்பை எடுத்து, என்ன எழுதுவதென்று தெரியாமல், ‘சாதம் ஆச்சு, சாப்பிட வாங்க, சும்மா உட்கார்ந்திருக்காதீங்க’ என்று தட்டினேன். தினமும் நான் கத்துவதுதான்.

விரல் வரியின் மேல் மெதுவாகப் போனது. கடைசிப் புள்ளி வரை போய் அங்கேயே நின்றது.

“வருதா?” என்று காதோரமாகக் கேட்டேன்.

“வருது. எல்லா எழுத்தும் சரியா வருது. ‘ச’ கூட விழுது.” விரலை எடுக்கவில்லை. “நீதான் இதுல இல்லை, பவளம்.”

அடுப்படியில் பால் குக்கர் விசில் அடிக்க ஆரம்பித்தது. நான் எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தேன்.